தடை உத்தரவு முதலில் வரவேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

நீதிபதிகளின் ஓய்வு வயதைக் குறைக்கும் மசோதா பெரும்பாலும் ‘சீர்திருத்தம்’ என்ற பெயரில்தான் வரும். ஹங்கேரியில் 2012 தொடக்கத்தில் அந்த வயது 70-லிருந்து 62 ஆனது. மூத்த நீதிபதிகள் ஓராண்டுக்குள் வெளியேற வேண்டியதாயிற்று. ஜூலையில் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. நவம்பரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றமும் அது செல்லாது என்றது. ஆனால் அதற்குள் பல இடங்களில் புதியவர்கள் அமர்ந்துவிட்டார்கள். பணிக்குத் திரும்ப வழி பிறந்தபோதும், தலைமைப் பொறுப்பில் இருந்தவர்களுக்கு அந்த இடம் காலியாக இருந்தால்தான் பழைய பதவி. இதுதான் பேரிழப்பு. வழக்கு ஒதுக்கீடு போன்ற நிர்வாகம் அவர்கள் கையில்தானே இருக்கும்!

போலந்து 2018 ஏப்ரலில் உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் ஓய்வு வயதை 70-லிருந்து 65 ஆக்கியது. அதற்கு மேல் நீடிக்கக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். எதை வைத்து ஒப்புதல் தருவார் என்று சட்டம் சொல்லவில்லை. மறுத்தால் முறையிடவும் வழியில்லை. பதவி நீட்டிப்புக்குக் காத்திருப்பவர் அரசுக்கு எதிரான வழக்கை அச்சமின்றி விசாரிப்பது எப்படி? இங்கே ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் காத்திருக்கவில்லை. அக்டோபர் 19-லேயே அந்த விதிகளை நிறுத்திவைக்கச் சொல்லி இடைக்கால உத்தரவு போட்டது. நவம்பரில் போலந்து சட்டத்தைத் திருத்தி, நீதிபதிகளை மீண்டும் பணியில் அமர்த்தியது. இறுதித் தீர்ப்பு வந்தது 2019 ஜூனில்தான். அந்த எட்டு மாதமும் சும்மா விட்டிருந்தால் ஹங்கேரியின் கதைதான்.

எனவே இத்தகைய வழக்கில் காலியிடங்களை நிரப்புவதற்கு முதலில் தடை வேண்டும். விரிவான காரணங்களைப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.

மக்கள் தேர்ந்தெடுத்த அரசைத் தடுக்க நீதிபதிகள் யார் என்று கேட்பார்கள். வரி எவ்வளவு, மானியம் யாருக்கு என்பதிலெல்லாம் நீதிமன்றம் மூக்கை நுழைத்தால் அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. அங்கே விலகி நிற்கட்டும். ஓய்வு வயதையும் நாடாளுமன்றம் மாற்றலாம், இனி நியமிக்கப்படுவோருக்கு. பதவியில் இருப்பவர்களை இடையில் அகற்றுவது வேறு விஷயம்.

தடை போட்டாலும் அரசு அடங்கிவிடும் என்பதற்கில்லை. 2016 மார்ச்சில் போலந்தின் அரசியல் சாசனத் தீர்ப்பாயம் தந்த தீர்ப்பை அரசு அரசிதழில் வெளியிடவே மறுத்தது. அப்போது தீர்ப்பின் முழு வாசகத்தையும் மக்களிடம் சேர்ப்பது நாளிதழ்களின் வேலை. மசோதா வரும்போதும், அதன் கடைசிப் பக்கங்களில் உள்ள ‘இடைக்கால ஏற்பாடுகள்’ பகுதியை அப்படியே அச்சிடுங்கள். யாருடைய பதவி, எந்தத் தேதியில் போகிறது என்பது அங்கேதான் இருக்கும்.