தொலைந்துபோன முக்காற்புள்ளி

ஆசிரியர் அவர்கட்கு,

விசுவமடுவில், பரந்தன் – முல்லைத்தீவு வீதியோரமாக போட்டோக்கொப்பி, லமினேற், ஒன்லைன் விண்ணப்பம் என்று சிறிய கொமினிக்கேசன் ஒன்று நடத்துகிறேன். போன கிழமை தங்கள் பத்திரிகையில் வந்த பயிற்சிநெறி அறிவித்தல் ஒன்றால் என் கடையில் நாலு நாள் நடந்த கூத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அறிவித்தலில் இணையத்தள முகவரி, பிறகு ஓர் இடைவெளி, பிறகு 8443. அறிவித்தலைக் கொடுத்த அலுவலகம் உங்களுக்குத் தந்த பிரதியைப் பின்னர் வட்ஸ்அப்பில் வாங்கிப் பார்த்தேன். அதில் இரண்டுக்கும் நடுவே முக்காற்புள்ளி இருக்கிறது, அச்சில் இல்லை. அரிவு வெட்டை விட்டுவிட்டு உடையார்கட்டிலிருந்து மகளோடு வந்த ஐயா ஒருவர், "தம்பி, இந்த 8443க்கு அடிச்சு அடிச்சுப் பாத்தன், ஒருத்தரும் எடுக்கினமில்லை" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அச்சிட்டிருந்த விதத்தில் அது தொலைபேசி இலக்கம் போலத்தான் கிடந்தது.

அது போர்ட் எண், அதாவது இணையத்தளம் ஓடும் கம்பியூட்டரான சேர்வருக்குள் நுழையும் வாசலின் இலக்கம். எண் அடிக்காவிட்டால் பிரவுசர் தானாகவே 80 அல்லது 443 என்ற வாசலைத்தான் தட்டும். அந்த அலுவலகத்தின் 80இல் இருந்ததோ றவுட்டரின் உள்நுழைவுப் பக்கம். அது கேட்ட கடவுச்சொல்லுக்கு அடையாள அட்டை இலக்கத்தை அடித்துப் பார்த்த பிள்ளைகளும் உண்டு.

தொலைபேசி எடுத்துச் சொன்னேன். அங்கிருந்த தம்பி நல்ல பெடியன். 80க்கு வருபவர்களை 8443க்குத் திருப்பிவிட அன்றே ஒழுங்கு செய்தார். அவசரத்தில் 8434 என்று எழுதி, ஒரு மணித்தியாலத்தில் திருத்தியும் விட்டார். ஆனால் அந்த ஒரு மணித்தியாலத்துக்குள் அங்கே போய்வந்த என் மூன்று கம்பியூட்டர்களும் அடுத்த நாளும் 8434க்கே ஓடின. ஐயாவின் மகளுடைய போனில், அதே வைபையில், பக்கம் வடிவாகத் திறக்கிறது! வயரைக் கழற்றிப் பூட்டினேன், றவுட்டரை அணைத்துப் போட்டேன். கடைசியில் எஃப்12ஐ அழுத்தி நெற்வேர்க் பகுதியைப் பார்த்தபோதுதான் விளங்கியது: 301 என்ற திருப்பிவிடும் குறியீடு, அதுவும் என் கம்பியூட்டரின் டிஸ்கில் கிடந்த பழைய பதில். பிரவுசர் சேர்வரிடம் கேட்கவே இல்லை. 301 என்றால் நிரந்தரமாக இடம் மாறியாயிற்று என்று பொருள். அதைப் பிரவுசர் நம்பி நினைவில் வைத்துக்கொள்ளும். 302 தற்காலிகம் என்பதால் வழக்கமாக ஒவ்வொரு முறையும் சேர்வரைக் கேட்டுத்தான் போகும். பழைய சேமிப்பைப் பாராத இன்கொக்னிற்றோ ஜன்னலில் உடனே திறந்தது. பிரவுசர் சேமித்துவைத்திருந்த கேஷை அழித்ததும் மற்றவையும் வழிக்கு வந்தன. சரிபார்த்து முடியும்வரை 302ஐப் போட்டிருந்தால் என் ஒரு நாள் மிஞ்சியிருக்கும்.

அலுவலகங்களுக்கு ஒரு வார்த்தை. உள்ளே எந்தப் போர்ட்டில் வேண்டுமானாலும் ஓடட்டும், முன்னால் 443இல் ஒரு சேர்வரை வைத்து, வருபவர்களை அது உள்ளே அனுப்பட்டும். பொதுமக்களுக்கான முகவரியில் எண் எதற்கு? சில பாடசாலைகளின் இணைப்பில் 80, 443 தவிர வேறொன்றும் திறக்காது. ஞாபகத்தில் நிற்கட்டும் என்று 6000, 6666 போன்ற எண்களைத் தெரிவு செய்தால் இன்னும் மோசம். அவற்றைப் பாதுகாப்புக் கருதி குறோமும் பயர்பொக்ஸும் திறக்கவே மறுக்கும்.

உங்களிடம் கேட்பது சின்ன விடயம். இணைய முகவரியைத் தமிழ் வசனம் போல் திருத்தாதீர்கள். முக்காற்புள்ளி, சாய்கோடு, எண் எல்லாம் ஒட்டியபடியே, வரி உடையாமல் வரட்டும். அச்சேறுமுன் யாராவது அதைப் பார்த்து ஒருமுறை போனின் பிரவுசரில் அடித்துப் பார்க்கட்டும்.

ஐயாவின் மகளுடைய விண்ணப்பம் போய்விட்டது. முடிவுத் திகதியைப் பத்து நாள் நீடித்து அதே அறிவித்தல் நேற்றும் தங்கள் பத்திரிகையில் வந்திருக்கிறது, அதே இடைவெளியோடு. அடுத்த முறை போடும்போதாவது அந்தப் புள்ளிகள் இரண்டையும் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கொமினிக்கேசன் கடைக்காரர்,
விசுவமடு.