பட்டறையோடு கணக்குப் புத்தகத்தையும் திறக்கச் சொல்லுங்கள்

மரபுக் கைவினைஞர்களுக்கு வெளிநாட்டுப் பரிமாற்றத் திட்டங்கள் நடத்தும் அமைப்புகளுக்கு,

வணக்கம்.

உங்கள் அறிவிப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. வெளிநாட்டு ஆசானிடம் நுட்பம் பழகலாம், சேர்ந்து ஒரு படைப்பு செய்யலாம், கடைசியில் கண்காட்சி. அப்படியொரு திட்டத்தில் போய் வந்தவன் நான். புது நுட்பம் கிடைத்தது, நல்ல நட்பும் கிடைத்தது. அந்தப் பட்டறை எப்படிப் பிழைக்கிறது என்பது மட்டும் கடைசிவரை தெரியவில்லை. ஒரு பொருளுக்கு எத்தனை மணி நேரம் பிடிக்கிறது, அதற்குக் கூலி எவ்வளவு வைக்கிறார்கள், கடைக்காரருக்கு என்ன விலைக்குக் கொடுக்கிறார்கள், எந்த ஆர்டரை வேண்டாம் என்று திருப்புகிறார்கள்? கேட்க எனக்குக் கூச்சம். இதையெல்லாம் சொல்லித்தர வேண்டும் என்று அவர்களிடமும் யாரும் சொல்லியிருக்கவில்லை.

பிரிட்டனில் அழியும் நிலையில் உள்ள கைத்தொழில்களின் சிவப்புப் பட்டியல் 2017 முதல் வருகிறது. ஒரு தொழில் ஏன் தேய்கிறது என்று அதில் பாருங்கள். பழக ஆள் இல்லை என்பதோடு, சந்தைச் சிக்கலும் சிறுதொழில் நடத்துவதில் உள்ள சிக்கலும் திரும்பத் திரும்ப வரும்.

ஜெர்மானியத் தச்சர்கள் ஊர் ஊராகப் போய் வேலை பழகும் வழக்கத்தைப் பற்றி எல்லோரும் ஆசையாகப் பேசுவார்கள்: மூன்று ஆண்டும் ஒரு நாளும் பயணம், சொந்த ஊருக்கு 50 கிலோமீட்டர் சுற்றளவில் கால் வைக்கக் கூடாது. கதைக்கு நன்றாகத்தான் இருக்கிறது. அதே நாட்டில் ஆசான் பட்டத்துக்கான தேர்வில் நான்கு பகுதிகள் உண்டு என்பதை யாரும் சொல்வதில்லை. முதல் இரண்டும் தொழிலின் செய்முறையும் அறிவும். மூன்றாவது கணக்கு, வணிகம், சட்டம். நான்காவது, பழகுநர்களுக்குக் கற்பிப்பது. அங்கே கணக்குத் தெரியாமல் ஆசான் ஆக முடியாது.

ஐரோப்பிய ஒன்றியம் இளம் தொழில்முனைவோருக்காக 2009 முதல் நடத்தும் எராஸ்மஸ் திட்டத்தையும் பாருங்கள். புதிதாகத் தொழில் தொடங்குபவர் வேறொரு நாட்டில் அனுபவமுள்ள முதலாளியோடு சில மாதம் கூட இருந்து வேலை செய்கிறார். விண்ணப்பத்திலேயே தொழில் திட்டம் கேட்கிறார்கள். தங்கும் காலத்தைச் சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிரித்துக்கொள்ளவும் வழி உண்டு. பட்டறையை மொத்தமாகப் பூட்டிவிட்டு வர முடியாதவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி!

சரி, நாளைக்குப் போட்டியாளராக வரக்கூடிய ஒருவரிடம் யார் கணக்கைத் திறந்து காட்டுவார்கள்? நியாயமான கேள்விதான். அதற்கு என் யோசனை: ஒரே தொழிலுக்குள் ஆளை அனுப்பாதீர்கள். கூடை முடைபவரைக் குயவரிடம் அனுப்புங்கள், நெசவாளரைப் புத்தகம் கட்டுபவரிடம் அனுப்புங்கள். கைவேலை பொதுவாக இருக்காது. விலை வைப்பது, முன்பணம் வாங்குவது, தேங்கிய சரக்கைத் தள்ளுவது, தனக்குப் பின் பட்டறையை யார் கையில் கொடுப்பது என்பதெல்லாம் எல்லோருக்கும் பொது. ரகசியம் போய்விடும் என்ற பயமும் பாதி குறையும். காட்டித்தரும் முதலாளியின் நேரத்துக்கும் பணம் கொடுங்கள். மரியாதைச் சான்றிதழ் மட்டும் போதாது.

அப்புறம் சுங்கம். பெயர் கேட்டாலே தூக்கம் வரும், ஆனால் எங்களை முதலில் கவிழ்ப்பது அதுதான். கருவிகளையும் மாதிரிகளையும் வரி கட்டாமல் தற்காலிகமாகக் கொண்டுபோக ஏடிஏ கார்னே என்ற ஆவணம் உண்டு. விற்கக் கொண்டுபோகும் சரக்குக்கு அது செல்லாது. மூலப்பொருளுக்கும் சட்டம் இருக்கிறது. ஈட்டி மரம் அடங்கிய டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் 2017 ஜனவரியில் சைட்டீஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தை நாடுகளுக்கிடையே கட்டுப்படுத்தும் உடன்படிக்கை) கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது, கிட்டார் செய்பவர்கள் கருவியை எல்லை தாண்டி அனுப்பவே தாள்களோடு அலைந்தார்கள். செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019இல்தான் விலக்கு வந்தது. இதைப் பட்டறையில் உட்கார்ந்து நுட்பம் பார்ப்பவர் எங்கே கற்பார்? ஏற்றுமதி செய்யும் பட்டறையில் ஒரு சரக்கைக் கட்டி அனுப்பும்வரை கூடவே இருந்தால்தான் தெரியும்.

திட்டம் முடிந்ததும் நீங்கள் கேட்பது படங்களும் ஒரு பக்க அனுபவக் கட்டுரையும். அவற்றுக்குப் பதில் ஓர் ஆண்டு கழித்து எங்கள் விலைப்பட்டியலைக் கேளுங்கள்: போவதற்கு முன் இருந்தது ஒன்று, இப்போது இருப்பது ஒன்று. எந்த விலை ஏன் மாறியது என்று எழுதச் சொல்லுங்கள். அடுத்த அறிவிப்பில் ஏற்கும் பட்டறைகளுக்கான படிவத்திலும் ஒரு கேள்வி சேருங்கள்: 'வருபவருக்கு உங்கள் அடக்கவிலைக் கணக்கைக் காட்டுவீர்களா?' மாட்டேன் என்பவர்களிடம் நுட்பம் பழக மட்டும் ஆள் அனுப்புங்கள், அதை அறிவிப்பிலும் அப்படியே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
பரிமாற்றத்தில் போய் வந்த ஒரு கைவினைஞன்