குளிர்காலப் பயணத் திட்டத்தில் உயரமும் கணக்கில் வரட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கார்த்திகை பிறந்துவிட்டால் போதும், பனி மலைகளையும் குளிர்பாலைவனத்தையும் ஐந்தே நாள்களில் படமெடுத்துத் திரும்பலாம் என்று அழைக்கும் விளம்பரங்கள் ஒளிப்பட ஆர்வலர்களின் கைப்பேசிகளில் வந்து குவியத் தொடங்குகின்றன. விடியற்காலையில் சென்னையில் விமானம் ஏறி, டெல்லி வழியாக லடாக்கின் லே நகரில் இறங்கி, மறுநாளே கர்துங் லா கணவாயைக் கடந்து நூப்ரா மணல்மேடுகளில் இரட்டைத் திமில் ஒட்டகங்களைப் படமெடுத்து, அதற்கடுத்த நாள் உறைந்து கிடக்கும் பாங்கோங் ஏரிக்கரையில் தங்குவது என்று சில திட்டங்கள் போகின்றன. கடலோரத்திலும் சமவெளியிலும் வாழும் நமக்கு இந்த வேகம் ஆபத்தானது. மலையும் பாலையும் ஒருங்கே கூடிய நிலத்தைக் குளிர்காலத்தில் படமெடுக்க விரும்புவோர், இமாச்சலப் பிரதேசத்தில் சிம்லாவிலிருந்து கின்னௌர் வழியாக ஸ்பிட்டிப் பள்ளத்தாக்குக்குப் படிப்படியாக ஏறும் சாலையைத் தேர்ந்தெடுப்பதே முறை என்பதை வலியுறுத்தவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நீலகிரியின் உச்சியான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். லே நகரம் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், கடல்மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்கு அளவே. கர்துங் லாவில் 18,380 அடி (ஏறத்தாழ 5,600 மீட்டர்) என்று பல காலமாக எழுதி வைத்திருந்த பலகையை நம்பிப் பலரும் பெருமையோடு படமெடுத்துக்கொண்டார்கள். முறையான அளவீடுகளின்படி அதன் உயரம் 5,359 மீட்டர்தான் என்றாலும், அந்த உயரத்தில் கிடைக்கும் ஆக்சிஜன் பாதியளவுதான். மூவாயிரம் மீட்டருக்கு மேல் சென்றபின், இரவு தங்கும் இடத்தின் உயரம் நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது என்பதும், மூன்று நான்கு நாள்களுக்கு ஒருமுறை அதே உயரத்தில் ஓய்ந்திருக்க வேண்டும் என்பதும் மலை மருத்துவர்கள் கூறும் பொது விதி. விமானத்தில் போய் இறங்குபவரோ, ஒரே காலைப்பொழுதில் கடல்மட்டத்திலிருந்து 3,500 மீட்டருக்கு ஏறிவிடுகிறார். அதன்பின் லேயிலேயே சில நாள்கள் ஓய்வெடுத்தால் கேடில்லை. ஆனால் அந்த ஓய்வு நாள்களைத்தான் ஐந்து நாள் திட்டங்கள் முதலில் வெட்டிவிடுகின்றன. நூப்ராவில் ஒருவருக்கு உடல் மோசமானால், லேயின் பெரிய மருத்துவமனைக்குத் திரும்ப மறுபடியும் ஐயாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட கணவாயைத்தான் கடந்தாக வேண்டும். குளிர்காலத்தில் பனி கொட்டினால் அந்தக் கணவாயும் மூடிக்கொள்ளும்.

ஸ்பிட்டிச் சாலையின் பெருமையே, அது நம் உடலுக்கு நேரம் தருகிறது என்பதுதான். டெல்லியிலிருந்து கால்கா வரை ரயிலில் சென்று, அங்கிருந்து, நம் நீலகிரி மலை ரயிலோடு உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றிருக்கும் சிறு ரயிலில் சிம்லாவை அடையலாம். சிம்லா ஏறத்தாழ 2,200 மீட்டர். அடுத்த இரவைச் சராஹனில் கழித்துவிட்டு, 2,960 மீட்டரில் உள்ள கல்பாவில் இரண்டு இரவுகள் தங்க வேண்டும். அதன்பின் சட்லஜ் ஆற்றோடு ஸ்பிட்டி ஆறு வந்து கலக்கும் காப் என்னும் இடத்தைத் தாண்டி, நாக்கோ வழியாகத் தாபோ, 3,280 மீட்டர். அங்கிருந்து காசா, ஏறத்தாழ 3,650 மீட்டர். நாக்கோ தாபோவைவிட உயரமானது. பகலில் அதைக் கடந்துவிட்டுத் தாபோவுக்கு இறங்கித் தங்குவதே நலம். கீ மடாலயம், கிப்பர், லாங்சா, கோமிக் ஆகிய நான்காயிரம் மீட்டருக்கு மேற்பட்ட ஊர்களைக் காசாவில் தங்கிக்கொண்டே பகலில் சென்று படமெடுக்கலாம். குன்சும் கணவாய் குளிர்காலம் முழுவதும் மூடியிருப்பதால், மணாலி வழியாகத் திரும்பலாம் என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். போன வழியேதான் திரும்ப வேண்டும்.

இந்த மெதுவான ஏற்றம் ஒளிப்படத்துக்கும் நன்மையே செய்கிறது. கல்பாவிலிருந்து பார்த்தால் கின்னர் கைலாசத் தொடர் ஆற்றுக்கு அக்கரையில், கிழக்கே நிற்கிறது. அதனால் காலையில் கதிரவன் அம்மலைக்குப் பின்னாலிருந்து எழுகிறான். படமெடுப்பவர் கண்ணுக்குக் கிடைப்பது கரிய நிழலுருவமே. மாலையில் மேற்கு வெளிச்சம் நேராகச் சிகரங்களின் மேல் விழும்போதுதான் பனி பொன்னாகிப் பின் செந்நிறமாக மாறுகிறது. மாலையில் வந்திறங்கி மறுநாள் காலையிலேயே புறப்பட்டுவிடும் பயணி, வந்து சேர்ந்த அலுப்பிலும் மேகத்திலும் அந்த ஒரே மாலையைத் தவறவிட்டால் அதோடு எல்லாம் போயிற்று. இரண்டாவது இரவைக் கேட்பது உடம்பு மட்டுமல்ல, மலையும்தான். காப் என்னும் அந்த ஆற்றுக் கூடலுக்கு அப்பால் மரங்கள் மெல்ல மறைந்து, மழை மறைவுப் பகுதியின் வறண்ட மலைகள் பழுப்பும் சாம்பலுமாக எழுகின்றன. புதுப்பனி மேலே படிந்திருக்கும் நாள்களில், ஒரே சட்டகத்தில் பாலையும் பனியும் அமைகின்றன. குளிர்காலக் கதிரவன் நாள் முழுவதும் தாழ்ந்தே செல்வதால் நண்பகலிலும் பாறை மடிப்புகளில் நிழல் தங்கியிருக்கும். ஆனால் பள்ளத்தாக்கின் அடியில் வெயில் தாமதமாக வந்து சீக்கிரமே போய்விடுகிறது. ஆகவே ஒரு நாளில் நான்கு ஊர்கள் என்று எழுதிவைப்பது வெறும் காகிதக் கணக்கு.

சாலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எல்லைச் சாலைகள் அமைப்பு குளிர்காலத்திலும் இந்தப் பாதையைத் திறந்துவைக்க உழைக்கிறது. எனினும் பனிப்பொழிவுக்குப் பின் ஓரிரு நாள்கள் அது மூடப்படுவது இயல்பு. நாக்கோவுக்கு அருகிலுள்ள மல்லிங் ஓடைப் பகுதி நிலச்சரிவுக்குப் பேர்போனது. காலையில் நிழலான வளைவுகளில் கண்ணாடிபோல் பனிக்கட்டி படிந்திருக்கும். சக்கரச் சங்கிலி இல்லாத வண்டியும், உள்ளூர்ப் பாதை தெரியாத ஓட்டுநரும் இங்கே உதவ மாட்டார்கள். காசாவில் நான் தங்கியிருந்தபோது, கின்னௌரைச் சேர்ந்த எங்கள் ஓட்டுநர், விடிந்தபின் ஓர் இரும்புச் சட்டியில் தணல் எடுத்துவந்து டீசல் தொட்டிக்குக் கீழே வைத்து, கையுறையைக் கழற்றித் தொட்டியின் அடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே காத்திருந்தார். சாதாரண டீசல் கடுங்குளிரில் மெழுகுபோல் திரண்டுவிடும். அது இளகும் வரை வண்டி கிளம்பாது. அனுபவமில்லாதவர் இந்தத் தீ வேலையில் இறங்கவே கூடாது. லடாக்கில் இதற்கென்றே 2019இல் இந்தியன் ஆயில் நிறுவனம் குளிர்கால டீசலை அறிமுகப்படுத்தியது. விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்பாடு என்று திட்டத்தில் எழுதுகிறவர்கள் இந்தக் காத்திருப்பை அறிந்து எழுதுவதாகத் தெரியவில்லை. வண்டி கிளம்பாத காலை, சாலை திறக்காத நாள், தலைவலியோடு படுத்திருக்கும் நாள் ஆகியவற்றுக்காக மூன்று நாள்களேனும் வெறுமையாக விடப்படாத திட்டத்தை நான் திட்டம் என்று சொல்ல மாட்டேன்.

கருவிகளைப் பொறுத்தவரை, குளிரைவிடக் குளிரிலிருந்து உள்ளே வருவதுதான் பெரும் கேடு செய்கிறது. வீட்டின் நடுவே விறகு எரியும் தந்தூர் அடுப்பைச் சுற்றி எல்லாரும் அமர்ந்திருப்பார்கள், தேநீர் கொதித்துக்கொண்டிருக்கும், வெளியே உறைந்துபோன கேமராவை அப்படியே உள்ளே கொண்டுவந்தால், நொடியில் லென்ஸின் மேல் நீர் படிந்து, கருவியின் உள்ளேயும் ஈரம் புகுந்துவிடும். வாசலுக்கு வெளியிலேயே கேமராவைக் காற்றுப் புகாத பையில் இட்டு மூடி, உள்ளே வந்தபின் இரண்டொரு மணி நேரம் பையைத் திறக்காமல் வைத்திருக்க வேண்டும். பேட்டரிகளைச் சட்டையின் உட்பையில் உடம்புச் சூட்டோடு வைத்துக்கொள்ள வேண்டும். வெண்பனியைக் கேமராவின் தானியங்கி அளவீடு சாம்பல் நிறமாக்கிவிடும் என்பதால் ஒரு ஸ்டாப் அல்லது ஒன்றரை ஸ்டாப் வெளிச்சம் கூட்டிக்கொள்வது நல்லது (ஒரு ஸ்டாப் என்பது வெளிச்சத்தை இருமடங்காக்கும் அளவு). இரவில் அடுப்பு எரியும் அறையில் காற்றோட்டத்துக்குச் சிறிது வழி விட்டுவிட்டே உறங்க வேண்டும். தாபோ மடாலயம் 996ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. அதன் பழங்கோயில்களுக்குள் படமெடுக்க அனுமதி இல்லை. அந்தச் சுவரோவியங்களைக் கண்ணால் கண்டு வந்தாலே போதும்.

விண்மீன்களைப் படமெடுக்கப் போகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். விளம்பரங்களில் மலைக்கு மேல் வளைந்தெழும் பால்வீதியின் ஒளிமிக்க மையப் பகுதியைக் காட்டி மார்கழிப் பயணத்துக்கு அழைக்கிறார்கள். மார்கழியில் கதிரவன் தனுசு ராசியில் இருக்கிறான். பால்வீதியின் மையமும் அதே திசையில்தான் இருக்கிறது. எனவே அது பகலில் கதிரவனோடு சேர்ந்தே வானில் ஏறி இறங்குகிறது; இரவில் தெரியாது. மாசி மாதத்தில்தான் விடியலுக்கு முன் தென்கிழக்கே அது தலைகாட்டத் தொடங்கும். மார்கழியிலும் தையிலும் செல்பவர்கள் கார்த்திகைக் கூட்டத்தையும் மிருகசீரிடத்தையும் ஒட்டியே தங்கள் படங்களைத் திட்டமிட வேண்டும்; அமாவாசையை ஒட்டிய நாள்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். லடாக்கின் ஹான்லேயில் விண்மீன்களைக் காண இரவின் இருளைக் காக்கும் பகுதியாக, இந்தியாவின் முதல் இருள்வான் காப்பகம் 2022இல் அறிவிக்கப்பட்டது. அங்குள்ள வானாய்வகத்தை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனம், 1786இல் சென்னையில் தொடங்கப்பட்ட வானாய்வகத்தின் வழிவந்தது என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. ஆனால் ஹான்லே நான்காயிரம் மீட்டருக்கு மேல் இருக்கிறது. லடாக்கில் போதிய நாள்கள் தங்கி உடலைப் பழக்கிக்கொண்டவர்களே அங்கே இரவு தங்க வேண்டும்.

இதயநோய், ஆஸ்துமா, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எந்த வழியிலும் புறப்படக் கூடாது. உயரத்தால் வரும் நோயைத் தடுக்கத் தரப்படும் அசெட்டசோலமைடு மாத்திரையை நண்பர் சொன்னார் என்று வாங்கி விழுங்குவதும் தவறு. அசையாமல் அமர்ந்திருக்கும்போதே மூச்சு முட்டினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, விடியட்டும் என்று காத்திராமல் உடனே கீழே இறங்க வேண்டும்.

தங்கள் நாளிதழிடம் ஒரு வேண்டுகோள். பயணக் கட்டுரைகளையும் சுற்றுலா விளம்பரங்களையும் வெளியிடும்போது, ஒவ்வோர் இரவும் தங்கும் ஊரின் பெயருக்கு அருகில் அதன் உயரத்தை மீட்டரில் அச்சிடுங்கள்; ஓய்வு நாள்கள் எத்தனை, அவசரத்துக்கு எந்த ஊர் மருத்துவமனை என்பதையும் குறிப்பிடச் சொல்லி விளம்பரதாரர்களைக் கேளுங்கள். இந்த மூன்று விவரங்களையும் தர மறுக்கும் ஏற்பாட்டாளர்களிடம் வாசகர்கள் முன்பணம் கட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
தூத்துக்குடி