1800 தேர்தலின் முழுக் கதை

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்க அதிபர் தேர்தல் தகராறு என்றாலே 2000, 2020 என்றுதான் பலரும் எழுதுகிறார்கள். குடியரசு பிறந்த சூட்டோடு 1800இல் நடந்ததைத் தொடுவதே இல்லை. அப்போது துணை அதிபருக்குத் தனி வாக்கு கிடையாது; மாநிலங்களின் தேர்வாளர்கள் ஆளுக்கு இரண்டு வாக்கு போடுவார்கள், அதிகம் பெற்றவர் அதிபர், அடுத்தவர் துணை அதிபர். ஒரே கட்சியின் ஜெஃபர்சனும் ஆரன் பர்ரும் தலா 73 வாக்குகள் பெற, முடிவு பிரதிநிதிகள் சபைக்குப் போனது. அங்கே மாநிலத்துக்கு ஒரு வாக்குதான்; 16 மாநிலங்களில் 9 வேண்டும். ஜெஃபர்சனிடம் 8தான்.

அங்கே மேரிலாந்து உறுப்பினர் ஜோசப் நிக்கல்சனை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு நிறைகிறது. கடும் காய்ச்சலோடு பனியில் அவரைத் தூக்கி வந்தார்கள். பக்கத்து அறையில் படுத்தபடியே ஜெஃபர்சனுக்கு வாக்களித்தார். அவர் வராவிட்டால் மேரிலாந்து பர் பக்கம் சாய்ந்திருக்கும். கடைசியில் எதிர்க்கட்சியான ஃபெடரலிஸ்ட் கட்சியின் டெலவேர் உறுப்பினர் பேயார்ட், பர்ரை ஆதரித்த பிடிவாதத்தை விட்டார். 1801 பிப்ரவரி 17 அன்று, 36ஆவது சுற்றில் ஜெஃபர்சன் வென்றார். பேயார்ட் அவருக்கு வாக்களிக்கவில்லை, வெற்றுச் சீட்டுதான் போட்டார். மேரிலாந்து, வெர்மாண்ட் ஃபெடரலிஸ்டுகளும் பர்ருக்கு வாக்களிக்காமல் ஒதுங்கியதால் அந்த இரண்டு மாநிலங்களும் ஜெஃபர்சன் பக்கம் வந்தன. 1804இல் 12ஆவது திருத்தம் வந்து இந்தக் குளறுபடியைச் சரிசெய்தது.

ஆனால் இதை வெறும் ஜனநாயக வெற்றியாகப் பாடுவதில் எனக்கு உடன்பாடில்லை. வாக்குரிமையே இல்லாத அடிமைகளில் ஐந்தில் மூன்று பங்கைக் கணக்கில் சேர்த்துத்தான் தென் மாநிலங்கள் கூடுதல் தேர்வாளர் வாக்குகளைப் பெற்றன. அது இல்லையென்றால் அப்போதைய அதிபர் ஜான் ஆடம்ஸே ஜெயித்திருப்பார் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் சொல்கிறார்கள். இந்தப் பக்கத்தையும் சேர்த்து ஒரு விரிவான கட்டுரை வெளியிடுங்கள்.

- ஒரு வாசகர், மதுரை