பஞ்சுக் கிடங்கில் இந்த ஆண்டு

பல்லடம்,
மார்கழி.

அன்பு நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. தங்கைக்கு முழங்கால் வலி குறைந்திருப்பதும், பேத்தி கல்லூரி நாடகக் குழுவில் சேர்ந்திருப்பதும் அறிந்து மகிழ்ந்தேன். நம் மன்றத்தில் இந்த ஆண்டு என்னென்ன அரங்கேறவிருக்கின்றன என்று கேட்டிருந்தீர்கள். மார்கழி முழுவதும் சென்னையில் சபா சபாவாகச் சென்று வருகிற உங்களுக்கு எங்கள் நிரல் சிறிதாகத்தான் தோன்றும். அந்தச் சிறுமையை இந்த முறை நாங்களே வேண்டித் தேர்ந்துகொண்டோம் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் நாள் குறிப்பது பற்றி. ஆடி, ஆவணியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று எங்கள் அரங்கான பழைய பஞ்சுக் கிடங்கின் ஓடுகளைத் தூக்கிப் போடும். முற்றத்தில் விளக்கு நிற்காது. தீபாவளிக்கு முன் தறிக்காரர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. தைப் பிறப்புக்குப் பின் நம் நடிகர்களில் பாதிப் பேர் காவடி எடுத்துப் பழனிக்கு நடக்கப் போய்விடுவார்கள். எனவே தைப்பூசம் கழிந்த ஞாயிற்றுக்கிழமை தொடங்கிச் சித்திரை வரைக்கும் என்று வைத்திருக்கிறோம். ஞாயிறன்று அக்கம்பக்கத்துத் தறிகள் பெரும்பாலும் நிற்கும் என்பது முக்கியமான காரணம். ஆனால் ஒத்திகை மற்ற நாட்களில் அல்லவா நடக்கிறது? விசைத்தறி ஓசைக்கு மேலே கேட்கும்படி வசனம் பேசிப் பழகிய பிள்ளைகள், ஞாயிறன்று ஊரே அடங்கியிருக்கும்போதும் அதே குரலில் கத்துகிறார்கள். சுவர்களில் பவானி ஜமக்காளங்களைத் தொங்கவிட்ட பிறகு எதிரொலி குறைந்திருக்கிறது. குரல்தான் இன்னும் குறையவில்லை.

தொடக்க நாடகம் பம்மல் சம்பந்த முதலியாரின் 'சபாபதி'. இது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். நாம் இளைஞர்களாக இருந்தபோது அவரைப் பழைய காலத்தவர் என்று ஒதுக்கியவர்கள்தாம். இப்போது பார்க்கையில் நம்மைப் போன்ற குழுவுக்கு முன்னோடி அவரே என்று தோன்றுகிறது. 1891-இல் நண்பர்களோடு சுகுண விலாச சபையைத் தொடங்கி, பின்னர் வழக்கறிஞராகவும் நீதிபதியாகவும் பணியாற்றிக்கொண்டே, வயிற்றுப் பிழைப்புக்காக அல்லாமல் விருப்பத்துக்காக நாடகம் ஆடலாம் என்று காட்டியவர். அவர் மறைந்தது 1964-இல். ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்துவிட்டதால் உரிமை கேட்டு யாருக்கும் எழுத வேண்டியதில்லை என்பதும் எங்கள் பொருளாளருக்குப் பிடித்துப்போயிற்று. முதலாளிக்கும் வேலைக்காரனுக்கும் ஒரே பெயர் இருக்கிற அந்தக் கதையை 1941-ஆம் ஆண்டுத் திரைப்படத்தின் வழியாகவே எல்லாரும் அறிவார்கள். எங்கள் நாடகத்தில் வேலைக்காரனாக வரும் பையன், படத்தில் அந்த வேடமேற்ற காளி என். ரத்னத்தின் அசைவுகளை அப்படியே செய்து காட்டினான், நன்றாகவே செய்தான். இருந்தாலும் படத்தை மறந்துவிட்டு உன் பட்டறையில் வேலை செய்யும் ஒருவரை நினைத்துக்கொண்டு நடி என்று சொல்லியிருக்கிறோம்.

நீங்கள் கேட்ட அண்ணன்மார் கதைக்கு, பொன்னர், சங்கர் என்னும் சகோதரர்களைப் பற்றிக் கொங்கு நாட்டில் பாடப்படும் வீரக்கதைக்கு, வருகிறேன். அதை முழுவதுமாக இரண்டரை மணி நேரத்தில் அடக்கிக் காட்டினால் கூட்டம் அலைமோதும் என்று சிலர் வற்புறுத்தினார்கள். நான் உடன்படவில்லை. உடுக்கை அடித்துப் பாடுகிறவர்கள் இரவு இரவாக நடத்திச் செல்கிற கதை அது. 1960களின் நடுவில் காங்கேயத்தை அடுத்த ஓலப்பாளையத்தில் தங்கியிருந்த பிரெண்டா பெக் என்னும் மானிடவியலாளர் அதனை ஒலிநாடாவில் பதிவு செய்தாரே, அந்தப் பாட்டின் நீளத்தை நினைத்துப் பாருங்கள். தாய் தாமரையின் தவமும், அவர்களுடைய வளநாடும், பகைவன் தலையூர்க் காளியும், கொம்பன் பன்றியும், வீரர்கள் மடிகிற படுகளமும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடி மறைந்தால், கதை தெரிந்தவர் தலையாட்டுவார், தெரியாதவர் ஒன்றும் விளங்காமல் வீட்டுக்குப் போவார். பெரிய அரங்கில் நூறு பேரைக் கொண்டு செய்வதை நாங்கள் பதினைந்து பேரை வைத்துக்கொண்டு அரைகுறையாகச் செய்வதில் என்ன பொருள் இருக்கிறது? ஒரே ஒரு கட்டத்தை எடுத்து, அதை உடுக்கைக்காரர் பாடுகிற வேகத்திலேயே, அவசரம் இல்லாமல் முழுதாகக் காட்டலாம் என்றேன். நீண்ட விவாதத்துக்குப் பின் ஒப்புக்கொண்டார்கள்.

எந்தக் கட்டம் என்பதில் அடுத்த சிக்கல். படுகளம்தான் வேண்டும் என்று பெரியவர்கள் கேட்டார்கள். ஊர்க் கோயில்களில் படுகளம் விழும்போது ஆட்களுக்கு அருள் வந்து விழுவதும், அவர்களை எழுப்புவதும் வழிபாடாக நடப்பவை. கிடங்கில் துண்டுச்சீட்டு வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்திருப்பவர்களில் யாருக்கேனும் அருள் வந்துவிட்டால் எழுப்பிவிடுவதற்கு அங்கே யாருக்கு உரிமை இருக்கிறது? அதனால் தங்காள் தன் அண்ணன்மாரிடம் காட்டுக் கிளிகளைக் கேட்கும் கட்டத்தை எடுத்திருக்கிறோம். ஒரு தங்கையின் சின்ன ஆசை பெரும்பகைக்கு வழிகோலுகிற இடம் அது. உழுகுடிக்கும் வேட்டுவருக்கும் இடையிலான பகையாகவே கதை போகிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். இரு தரப்பாரின் பேரப்பிள்ளைகளும் எங்கள் குழுவில் ஒன்றாக உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள். யாரை வீரன், யாரைத் தீயவன் என்று காட்டுவது என்ற கேள்வியை ஒதுக்கிவிட முடியவில்லை. கிளியைப் பறிகொடுத்த காட்டாரின் பக்கத்திலிருந்தும் ஒரு காட்சி எழுதிச் சேர்த்தோம். பாடகர் முதலில் தயங்கினார், பிறகு அதற்கென்று அவரே நான்கு அடி கட்டிக் கொடுத்தார். அந்த நான்கு அடிதான் இந்த ஆண்டின் சிறந்த பகுதியாக அமையும் என்று எனக்குத் தோன்றுகிறது. அண்ணன்மாரை வழிபடும் வீரப்பூர்த் திருவிழாவும் மாசியில்தான் என்பதால் இதையும் மாசியிலேயே வைத்திருக்கிறோம்.

வள்ளியின் கதையைப் பாடிக் கும்மியடித்து ஆடும் வள்ளி கும்மி பங்குனியில், கிடங்குக்கு வெளியே களத்தில். அதைப் பற்றி நான் சொல்வதற்கு அதிகமில்லை. நம்மைக் கேளாமலே ஊரெங்கும் அது வளர்ந்துவிட்டது. வள்ளி கும்மி ஆசான் தேக்கம்பட்டி பத்ரப்பன் அவர்களுக்கு 2024-இல் பத்மஸ்ரீ கிடைத்தபோது இங்கே எல்லாரும் சொந்த வீட்டுச் சேதியாகப் பேசிக்கொண்டார்கள். பெண்களுக்கும் அவர் இதைக் கற்றுக்கொடுத்திருக்காவிட்டால் இன்று களத்தில் பேத்திகளோடு சுற்றிவரும் பாட்டிமார் இருந்திருக்க மாட்டார்கள்.

இசைக்கு ஒரு மாலைதான். புல்லாங்குழல் வித்வான் பல்லடம் சஞ்சீவராவ் பிறந்த ஊரில், அவர் பெயரைக் கேட்டால் எந்தக் கடைக்காரர் என்று வினவுகிற நிலை வந்துவிட்டது. சரப சாஸ்திரிகளிடம் பயின்று, புல்லாங்குழலைத் தனிக் கச்சேரிக்குரிய வாத்தியமாக நிலைநிறுத்தியவர்களில் ஒருவர், 1962-இல் மறைந்தார். உங்களைப் போலக் கேட்டுத் தேர்ந்த செவி இங்கே சிலருக்கே உண்டு. ஆகையால் பட்டியலிட்டு எட்டு உருப்படிகள் வாசிப்பதைத் தவிர்த்து, ஒலிபெருக்கி இல்லாமல் ஒரே ராகத்தை நெடுநேரம் வாசிக்கும்படி கோவையிலிருந்து வரும் இளைஞரிடம் கேட்டிருக்கிறோம். கல்யாணி என்று அவரே முடிவு செய்திருக்கிறார்.

ஓவியக் காட்சியும் உண்டு. நெசவுக் கூடங்கள் கழித்துவிட்ட ஜக்கார்டு அட்டைகளை, அதாவது தறியில் பூவேலை நெய்ய உதவும் துளையிட்ட அட்டைகளை, பள்ளிப் பிள்ளைகள் மூட்டையாகக் கொண்டுவந்து, துளைகளின் ஊடே விளக்கொளி விழும்படி வாசலில் கோத்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள். உள்ளே, கோவைக்கு அருகே குமிட்டிபதிப் பாறையில் பழங்காலத்தில் வெள்ளை நிறத்தில் தீட்டப்பட்டுள்ள யானையைப் பார்த்து அவர்கள் வரைந்த படங்கள். பெற்றோர் தத்தம் பிள்ளையின் படத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள் என்று அஞ்சுகிறேன்.

கடைசி நாடகத்துக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒரு தோட்டத்துக்கு வருகிறது; ஆயிரம் அடி தாண்டியும் தண்ணீர் இல்லை, புகைதான் வருகிறது; விடியும்வரை நிறுத்தச் சொல்ல வீட்டில் ஒருவருக்கும் துணிவில்லை. இளைஞர்கள் நால்வர் சேர்ந்து எழுதியது. இரண்டாம் பாதி இன்னும் தளர்ந்திருக்கிறது. முதற்பாதி என்னைக் கலங்க வைத்தது.

கூட்டம் வருமா என்று கேட்பீர்கள். 1944-இல் ஈரோட்டில் டி.கே.எஸ். சகோதரர்கள் நாடகக் கலை மாநாடு கூட்டிய நாளிலேயே நாடகத்தின் கதி என்னவாகும் என்ற கவலை இருந்திருக்கிறது. நூறு பேர் ஜமக்காளத்தில் உட்கார்ந்தால் எங்கள் கிடங்கு நிறைந்துவிடும். விளம்பரப் பலகை வைத்துக்கொள்ள ஒரு நிறுவனம் நல்ல தொகை தருவதாகச் சொன்னது. மேடைக்குப் பின்னால்தான் வைக்க வேண்டும் என்றதால் மறுத்துவிட்டோம். பொருளாளர் இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

உங்களிடம் வேண்டுவது இரண்டு. மாசி ஞாயிறுகளில் ஒன்றுக்கு அவசியம் வாருங்கள்; ரயிலில் திருப்பூருக்கு வந்துவிட்டால் வண்டியோடு நான் நிற்பேன். அடுத்தது, கல்லூரி நாட்களில் உடுமலைப் பக்கத்துப் பெரியவர் ஒருவரிடம் நீங்கள் கேட்டு எழுதிவைத்த பாட்டு நோட்டு. தங்காளின் கிளிப்பாட்டு அதில் வேறு விதமாக இருந்ததாக நினைவு. பாடகர் அதைப் பார்க்க வேண்டும் என்று நச்சரிக்கிறார். பொங்கலுக்கு முன் பதிவுத் தபாலில் அனுப்பிவைத்தால் ஒத்திகைக்கு உதவும்.

தங்கைக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் நண்பன்.