குழந்தையின் கண்

கிஷினேவ், ரஷ்யப் பேரரசு, 1904, யூதப் புத்தாண்டுக்கு இரண்டு வாரம் முன்பு

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். பஸ்கா முடிந்து ஐந்து மாதம் ஆகிறது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கடிதம் வழியில் தொலைந்திருக்கும் என்று உன் பெண்டாட்டியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

சனிக்கிழமை நம் ஓய்வுநாள், வேலைக்குப் போகாதே ராசா. அங்கே நியூயார்க்கில் ஹெஸ்டர் தெருப் பக்கம் நம்மவர்களே சனிக்கிழமையும் எந்திரம் ஓட்டுகிறார்கள் என்று நீதான் எழுதினாய். ஜெபத்துக்கு அப்பாவின் தெஃபிலினை, அந்தத் தோல்பெட்டி வாரை, தினமும் கட்டிக்கொள். ஒரே வருஷத்தில் கோட்டு தைக்கக் கற்றுக்கொண்டான் என் மகன் என்று ஜெபாலயத்தில் நான் சொல்லாத பெண் இல்லை. இப்போது அவர்கள் கேட்டால் எந்த முகத்தோடு பதில் சொல்வேன்?

பண்டிகைக்காகப் பரணைத் துடைத்தேன். மறுபடியும் இறகு. போன வருஷம் நம்மவர்களைக் கொன்று கொள்ளையடித்த அந்த இரண்டு நாள் கலவரத்தில் அவர்கள் கிழித்த மெத்தைகளின் இறகு ஒன்றரை வருஷமாகியும் தீரவில்லை. துபோஸாரி ஊர்க் கிறிஸ்தவப் பையனைக் கொன்றது அவன் உறவுக்காரனே என்று தெரிந்த பிறகும், பஸ்கா ரொட்டியில் கலக்கும் ரத்தத்துக்காக யூதர்கள் நாம்தான் கொன்றோம் என்று சந்தையில் இன்னும் பேசுகிறார்கள். 49 பேரைப் புதைத்த ஊர் இது.

கீழ்த்தெருத் தையல்காரர் மகளை உனக்குத் தெரியும். புருஷன் அமெரிக்கா போய் நாலு வருஷம். கடிதமும் இல்லை, விவாகரத்துச் சீட்டும் இல்லை. அவளுக்கு இனி ரபி வேறு கல்யாணமும் செய்துவைக்க முடியாது. சும்மாதான் எழுதுகிறேன். சனிக்கிழமை மட்டும் போகாதே.

இதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. மூன்று பேரும் சேர்ந்தே போகிறோம் என்று நீ சொன்னபோது, குழந்தையை வைத்தியரிடம் தூக்கிப்போனது நான். தூசி விழுந்த சிவப்பு, இரண்டு நாளில் போய்விடும் என்றுதான் அவர் சொன்னார். நான் வீட்டுக்கு வந்து டிரக்கோமா, கண்ணைக் குருடாக்கும் தொற்றுநோய் என்றேன். கப்பல் ஏறும் ஹாம்பர்க்கிலேயே இமையைத் திருப்பிப் பார்ப்பார்கள், அங்கே தப்பினாலும் நியூயார்க்கில் சோதிக்கும் எல்லிஸ் தீவிலிருந்து திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அழுதேன். பேரன் இங்கே இருந்தால் நீ திரும்பி வருவாய் என்று நினைத்துவிட்டேன். கண் ஆறிவிட்டதா என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்டாய். இன்னும் இல்லை என்று ஒவ்வொரு முறையும் நான்தானே எழுதினேன். உன் பெண்டாட்டிக்கு எழுத வராது. நீ கேட்டுக் கேட்டு அலுத்துப் போயிருந்தால் அந்தப் பாவம் என்னுடையது, அவளுடையது அல்ல.

அவள் இன்று ராத்திரியும் பிள்ளையை மடியில் மல்லாக்கப் படுக்கவைத்து, பஞ்சை நனைத்து போரிக் தண்ணீர் விட்டாள். அவன் சிணுங்கவில்லை, பழகிவிட்டது. விளக்கை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். கண் பளிங்கு மாதிரி இருக்கிறது.

காலையில் அவளிடமும் சொல்லிவிடுவேன். இரண்டு கப்பல் சீட்டு அனுப்பு, எனக்கு வேண்டாம். கடிதத்தை அவள் பெயருக்கே போடு. ரபியிடம் கொண்டுபோய்ப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்ளட்டும், என்னிடம் கொடுக்க வேண்டாம்.

அம்மா