தறியைப் பிரிக்கும் முன்: நெசவாளர் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

குடியாத்தம், வாலாஜாபேட்டை, குருவராஜப்பேட்டை, ஆரணி ஆகிய ஊர்களின் நெசவாளர் குடும்பத்தாருக்கு வணக்கம்.

1989-இல் வட ஆற்காடு மாவட்டம் பிரிக்கப்பட்டபோது ஆரணி திருவண்ணாமலையோடு சேர்ந்தது. 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றானபோது வாலாஜாபேட்டையும் குருவராஜப்பேட்டையும் இராணிப்பேட்டைக்குப் போயின. ஆனால் கைலி நெய்பவருக்கும் பட்டு நெய்பவருக்கும் நீளவாட்டு நூலான பாவு பாவுதான், குறுக்கு நூலான ஊடை ஊடைதான் என்பதால் உங்கள் அனைவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

குடியாத்தத்தில் நாங்கள் சிலர் ஞாயிறுதோறும் கூடி, அவரவர் கையால் நெய்ததைக் கொண்டுவந்து காட்டுகிறோம். ராட்டை, ஊடையைக் குறுக்கே கொண்டுசெல்லும் நாடா, ஊடை நூல் சுற்றும் தார்க்குச்சி ஆகியவற்றை இல்லாதவருக்கு இரவல் கொடுக்கிறோம். கற்றுக்கொள்ள இளையவர்கள் வருகிறார்கள், ஆனால் அவர்களை உட்கார வைக்க குழியில் காலை வைத்து நெய்யும் குழித்தறிகள் எங்களிடம் இரண்டே உள்ளன. இங்கே இப்படியிருக்க, வீட்டை இடித்துக் கட்டும் தெருக்களில் தறிமரம் விறகுக்கும், மற்றவை பழைய சாமான் கடைக்கும் போய்க்கொண்டிருக்கின்றன. கைலியைக் கைத்தறிக்கென ஒதுக்கும் 1985-ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தும், விசைத்தறி விலைக்கு ஈடுகொடுக்க முடியாமல் தறியை நிறுத்தியவர்களை நாங்கள் ஒருபோதும் குறை சொல்ல மாட்டோம். எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது.

என் தந்தையின் தறியைப் பிரித்த நாளில், எளிதாக இருக்கட்டும் என்று பாவு இழைகள் நுழைந்து வரும் சீப்புப் போன்ற அச்சின் முன்னும் பின்னும் பாவைக் கத்தரித்து, இழைகளை ஏற்றியிறக்கும் கண்ணிகளான விழுதிலிருந்த நூல் முழுவதையும் உருவி எறிந்தேன். அதன் இழப்பு எனக்குப் பின்னால்தான் புரிந்தது. ஒரு பாவு முடியும்போது அதன் கடைசி முழத்தை அச்சிலும் விழுதிலும் விட்டுவைத்தால், விரல் நுனியில் சாம்பல் தொட்டு, பழைய இழையோடு புதிய இழையை ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைத்து அடுத்த பாவை ஏற்றிவிடலாம். அந்த முழத்தை இழந்தால், ஒரு கைலிப் பாவின் 2,000-க்கு மேற்பட்ட இழைகளையும் முதலிலிருந்து விழுதில் கோத்து, அச்சுப் பல்லில் வாங்க வேண்டும். எந்த இழை எந்த விழுதில் ஏறும் என்ற கணக்கையும் புதிதாகப் போட வேண்டும். அந்தக் கணக்கு என் தந்தையின் கையில் இருந்தது, அவர் அதை எங்கும் எழுதி வைக்கவில்லை.

ஆகவே உங்களிடம் நாங்கள் கேட்பது ஒன்றே. தறியைப் பிரித்தே ஆகவேண்டுமென்றால், அச்சையும் விழுதையும் தனித்தனியே கழற்றாமல், இரண்டிலும் ஒரு முழம் பாவு நிற்கும்படி வெட்டி, இழைகள் நழுவாதவாறு இருபுறமும் குச்சி கொடுத்துக் கட்டி எடுத்து, தறியோடு எங்களிடம் இரவலாகக் கொடுங்கள். மிதி, நெய்த துணியைச் சுற்றும் படமரம், நாடா எதுவும் உடைந்திருந்தாலும் பரவாயில்லை, நாங்கள் செப்பனிட்டுக்கொள்வோம். எதையும் எங்களுக்குச் சொந்தமாக எழுதிக்கொள்ள மாட்டோம்: எந்தக் குடும்பத்தின் பொருள், யார் இரவல் பெற்றார் என்பதை நோட்டில் குறித்து, நீங்கள் கேட்கும் நாளில் திருப்பித் தருவோம். கண்ணாடிப் பெட்டியில் பூட்டிவைக்கும் எண்ணமும் எங்களுக்கு இல்லை.

பெரியவர்கள் வீட்டில் இருந்தால், அவர்களையும் ஒரு ஞாயிறு அழைத்து வாருங்கள். நூலுக்குப் போடும் கஞ்சியின் பதம், பாவு விரிக்க வெயில் ஏறுவதற்கு முன்னுள்ள சரியான நேரம் ஆகியவற்றை அவர்கள் சொல்லித்தான் பிள்ளைகள் அறிய முடியும்.

சுமந்து வர இயலாதவர்கள் அச்சை எலி கடிக்காதபடி பழைய வேட்டியில் சுற்றிப் பரண்மேல் வைத்துவிட்டுச் சொல்லியனுப்புங்கள். நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம்.